தாவர மரபணு நெறிப்பகுதிகளில் டி.என்.ஏ.வின் மாற்று வடிவங்கள்: கலைச்சொல்லாக்க நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

டி.என்.ஏ. எல்லா இடங்களிலும் எல்லா வேளைகளிலும் பாடநூற்படத்தில் உள்ள இரட்டைச் சுருளாகவே இருப்பதில்லை. சில வரிசைகளில் அது மூன்றாகவும் நான்காகவும் மடிந்து முறுக்கிக்கொள்கிறது, இடப்புறமாகத் திரும்புகிறது, சிலுவைபோல் கிளைக்கிறது. இத்தகைய வடிவங்களை உருவாக்கவல்ல வரிசைகள் தாவர மரபணுக்களைத் தொடக்கியும் அடக்கியும் வைக்கும் பகுதிகளில் காணப்படுவதைக் கடந்த இருபதாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றைத் தமிழில் எழுத முற்படுவோர் இயல்பாகக் கைக்கொள்ளக்கூடிய வலம்புரி, மாலைமாற்று, இடைச்செருகல் ஆகிய மூன்று சொற்கள் பொருளைத் திரித்துவிடும் என்பதையும், புரி என்னும் சொல் பெரிதும் பயன்படும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம், நெறிப்பகுதி, நாற்புரி, மாலைமாற்று, சித்திரகவி.

முன்னுரை

மூலக்கூற்று உயிரியல் தன் சொற்களுள் பலவற்றைச் சுவடித்துறையிடமிருந்து கடன் பெற்றுள்ளது. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவது படியெடுத்தல் எனப்படுகிறது, ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் உருவாவது பெயர்த்தல் எனப்படுகிறது. வரிசையை வாசித்தல், பிழை திருத்தல், நூலகம் அமைத்தல் என்று அத்துறையார் பேசும்போது ஏட்டுச்சுவடியோடு பழகிய தமிழாய்வாளருக்கு அந்நியம் தோன்றுவதில்லை. இந்த நெருக்கமே ஓர் ஆபத்தும் ஆகும். நம் இலக்கண, அணியிலக்கண மரபில் ஆயத்தமாக இருக்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டால் பணி முடிந்தது என்னும் எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. எடுத்த சொல் தன் பழம்பொருளையும் உடன் கொண்டுவரும் என்பது பல கலைச்சொல் பட்டியல்களில் கவனிக்கப்படாமல் போகிறது.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிரீன் தொட்டு இன்றுவரை அறிவியல் தமிழ் குறித்த விவாதம் பெரும்பாலும் தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்ற அளவிலேயே சுழன்று வந்துள்ளது. சொல் எம்மொழியினது என்பதைவிட அது சுட்டும் பொருளை இழைபிசகாமல் சுட்டுகிறதா என்பதே முதல் வினாவாக வேண்டும். அவ்வினாவைச் சோதித்துப் பார்க்க, தாவர மரபணுக்களின் நெறிப்பகுதிகளில் காணப்படும் மாற்று வடிவங்கள் நல்ல களமாக அமைகின்றன. இங்குப் பொருள் முழுவதும் வடிவம் பற்றியது. வடிவத்தைத் தவறாகச் சொல்லும் சொல் பொருளையே தவறாகச் சொல்லிவிடும்.

நெறிப்பகுதியும் மாற்று வடிவமும்

ஒரு மரபணுவில் புரதத்திற்கான செய்தி அடங்கிய பகுதியைத் தவிர, அச்செய்தி எப்போது, எந்த உறுப்பில், எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பகுதிகளும் உண்டு. படியெடுப்புத் தொடங்கும் இடத்திற்கு முன்னால் அமையும் தொடக்கி, சில இன்ட்ரான்கள், மரபணுவின் இறுதிப் புறத்தில் அமையும் சில வரிசைகள் ஆகியன இதில் அடங்கும். இவற்றைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று மொழிபெயர்ப்பதுண்டு. கட்டுப்பாடு என்பது அடக்குதலை மட்டும் நினைவூட்டுகிறது; இப்பகுதிகளோ அடக்கவும் செய்கின்றன, எழுப்பவும் செய்கின்றன. ஆதலின் நெறிப்பகுதி என்னும் சொல் இங்குக் கையாளப்படுகிறது.

1953இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த வடிவம், ஈரப்பதம் மிகுந்த நிலையில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஊடுகதிர்ப் படங்களில் தெரிந்த 'பி' வடிவத்தைச் சார்ந்தது. இரண்டு இழைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன. அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசைனோடும் இணைகின்றன. கரைசலில் ஏறத்தாழ 10.5 கார இணைகளுக்கு ஒருமுறை சுருள் முழுச்சுற்று முடிக்கிறது. உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வின் மிகப்பெரும் பகுதி இவ்வடிவிலேயே உள்ளது. இதிலிருந்து விலகியவற்றை ஆங்கில நூல்கள் வழக்கத்திற்கு மாறானவை என்றும் 'பி' அல்லாதவை என்றும் குறிக்கின்றன. நம் இலக்கண மரபில் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் முப்பகுப்பு இருப்பதால் இவ்வடிவங்களை வழுவமைதி எனலாமே என்று தோன்றும். வழுவமைதி என்பது பிழையே ஆயினும் காரணம் பற்றி ஏற்கப்பட்டது. டி.என்.ஏ. நான்காக மடிவது பிழையன்று. அவ்வரிசைக்கு அச்சூழலில் அதுவே நிலைபெற்ற வடிவம். எனவே மாற்று வடிவம் என்ற எளிய சொல்லே போதும்.

இவ்வடிவங்கள் நெறிப்பகுதிகளில் தோன்றுவதற்கு ஓர் இயற்பியற் காரணமும் உண்டு. படியெடுக்கும் நொதி டி.என்.ஏ.வின் இழைகளைப் பிரித்துக்கொண்டே முன்னேறுகையில் அதற்கு முன்னால் முறுக்கு ஏறுகிறது. பின்னால் முறுக்குத் தளர்கிறது. 1987இல் லியூ, வாங் ஆகியோர் விளக்கிய இக்கருத்தின்படி, படியெடுப்பு மும்முரமாக நடக்கும் மரபணுவின் தொடக்கி முறுக்குத் தளர்ந்த பக்கத்தில் அமைந்துவிடுகிறது. முறுக்குத் தளர்ந்த இடத்தில் இழைகள் பிரிவதற்கும் வேறு வகையில் மடிவதற்கும் ஆகும் ஆற்றற்செலவு குறைகிறது. கயிறு திரித்தவர்க்கு இது புதிதன்று. முறுக்கு மாறிய கயிறு தானே மடிந்து கொக்கியிடும்.

புரி என்னும் சொல்

இரட்டைச் சுருள், ஈரிழைத் திருகு, இரட்டை எழுசுருள் எனப் பல வழக்குகள் தமிழில் உள்ளன. இவற்றுள் இழையை அடிப்படையாகக் கொண்டால் அடுத்து மூவிழை, நாலிழை என்று செல்ல வேண்டும். மூவிழையில் இடர் இல்லை. நாலிழையில்தான் சிக்கல் எழுகிறது.

குவானைன்கள் நான்கு ஒரே தளத்தில் சதுரம்போல் அமர்ந்து, ஒவ்வொன்றும் தன் இருபுறத்து அயலோடும் ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்ளக்கூடும். ஒரு சதுரத்தில் இவ்வாறு எட்டுப் பிணைப்புகள். வாட்சன், கிரிக் கூறிய முனையால் மட்டுமன்றி, 1959இல் ஹூக்ஸ்டீன் படிகத்தில் கண்ட மறுமுனையாலும் காரங்கள் இணைய முடியும் என்பதே இதற்கு அடிப்படை. குவானிலிக் அமிலக் கரைசல் கூழாக உறைவது 1910 அளவிலேயே பாங் என்பவரால் குறிக்கப்பட்டிருந்தது. அதன் காரணம் இச்சதுர அமைப்பே என்பதை 1962இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகியோர் காட்டினர். சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது நடுவே ஒரு குழல் உண்டாகிறது. அதில் பொட்டாசியம் அயனி அமர்ந்து அடுக்கை இறுக்குகிறது. சோடியம் அவ்வளவு இறுக்குவதில்லை. லித்தியம் ஏறத்தாழப் பயன்படுவதே இல்லை.

இவ்வமைப்பு உருவாக நான்கு தனித்தனி இழைகள் வேண்டியதில்லை. ஒரே இழையில் குவானைன் தொடர்கள் சிறு இடைவெளிகளோடு நான்குமுறை வந்தால், அந்த இழையே மடிந்து மடிந்து நான்கு தூண்களாகி நிற்கும். நெறிப்பகுதிகளில் பெரிதும் எதிர்பார்க்கப்படுவது இவ்வகையே. நாலிழை என்று எழுதினால் நான்கு வெவ்வேறு மூலக்கூறுகள் கூடின என்றே வாசகர் கொள்வர். புரி என்னும் சொல் இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கிறது. வைக்கோற்புரி, முப்புரிநூல், மூன்று புரிக் கயிறு என வழங்கும் இச்சொல் கயிற்றின் கூறினையும் அதன் முறுக்கினையும் ஒருசேரக் குறிக்கிறது. நீண்ட ஒரே சரட்டை மடித்து முறுக்கினாலும் அது இருபுரிதான். மீண்டும் மடித்தால் நாற்புரி. எத்தனை சரடுகள் கொண்டு தொடங்கினோம் என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை. எனவே இருபுரி, முப்புரி, நாற்புரி என்னும் வரிசை அறிவியற் பொருளோடு முற்றும் ஒத்துச் செல்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் மடிப்பு, அடுக்கு என்னும் பொருளே உள்ளது.

ஓர் எச்சரிக்கை. தாவரத் தொடக்கிகளில் 'ஜி-பெட்டி' என ஒரு வரிசை உண்டு. அதன் எழுத்துகள் சை-அ-சை-கு-தை-கு. (சைட்டோசைன், அடினைன், குவானைன், தைமின் ஆகியவற்றின் முதலெழுத்துகள் இங்கும் கீழும் குறியீடாகின்றன.) ஒளியால் தூண்டப்படும் பல மரபணுக்களில் இவ்வரிசை புரதங்கள் பற்றும் இடமாக உள்ளது. குவானைன் நாற்புரிக்கும் இதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. ஜி என்னும் எழுத்தைக் கண்ட இடமெல்லாம் குவானைன் என்று விரித்து மொழிபெயர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜி-பெட்டி ஒலிபெயர்ப்பாகவே நிற்பது நல்லது.

வலம்புரியால் வரும் பிழை

புரி என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டவுடன் கை தானாக வலம்புரி, இடம்புரி என்னும் இணையை நோக்கி நீளும். 'பி' வடிவம் வலப்புறம் திரும்புவது. 1979இல் வாங், ரிச் முதலியோர் சைட்டோசைனும் குவானைனும் மாறிமாறி வரும் ஆறெழுத்துப் படிகத்தில் கண்ட 'இசட்' வடிவம் இடப்புறம் திரும்புவது. 12 கார இணைகளுக்கு ஒரு சுற்று. அதன் முதுகெலும்பு கோணல்மாணலாக ஓடுவதால் அப்பெயர் பெற்றது. ஆகவே முன்னதை வலம்புரி என்றும் பின்னதை இடம்புரி என்றும் அழைக்கலாமே என்று தோன்றும். இக்கட்டுரையாளரும் முதற்படியில் அவ்வாறே எழுதியிருந்தார்.

வலம்புரிச் சங்கை எடுத்துப் பார்த்தால் பிழை விளங்கும். விலங்கியலார் சங்கின் கூர்நுனியை மேல்வைத்து, வாய் எப்பக்கம் திறக்கிறது என்று நோக்குவர். அவ்வாறு நோக்கினால் எங்கும் மிகுதியாகக் கிடைக்கும் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். அதனை அவர்கள் வலச்சுழி என்பர். அரிதாகக் கிடைத்துப் போற்றப்படும் வலம்புரிச் சங்கின் வாயோ இடப்பக்கம் இருக்கும்; அது அவர்களுக்கு இடச்சுழி. மரபு வழக்குச் சங்கைத் தலைகீழாக நிறுத்திப் பெயரிட்டதே இம்முரணுக்குக் காரணம். தலைகீழாக்கினால் வாயின் பக்கம் மாறும். ஆனால் சுருளின் திருப்பம் மாறாது. திருகாணியை எப்படிக் கவிழ்த்துப் பிடித்தாலும் வலத்திருகு வலத்திருகாகவே இருப்பதுபோல், சுருளின் திசை பார்ப்பவர் நிலையைச் சார்ந்ததன்று. எனவே வடிவியல் நோக்கில் வலம்புரிச் சங்கு ஓர் இடத்திருகுச் சுருள். 'பி' வடிவத்தை வலம்புரி என்று அழைத்துவிட்டு அதற்கு விளக்கமாக வலம்புரிச் சங்கின் படத்தை இட்டால், பெயர் ஒன்றும் படம் அதற்கு நேர்மாறும் ஆகும்.

சங்கு வழக்கைத் திருத்துவது நம் வேலையன்று. அது தனக்குரிய மரபில் செம்மையாகவே உள்ளது. அறிவியல் எழுத்தில் வலத்திருகு, இடத்திருகு என்னும் சொற்கள் ஐயத்திற்கு இடம் தருவதில்லை. பட்டறையில் திருகாணியைக் கையாளும் எவரும் எந்தத் திருகு எதுவென்று அறிவர். 'இசட்' வடிவத்தை இடத்திருகு இருபுரி எனலாம்.

மாலைமாற்று எது?

ஆங்கிலத்தில் முன்பின்னாக வாசித்தாலும் ஒன்றாக இருக்கும் தொடருக்குரிய சொல்லை உயிரியலாரும் எடுத்தாண்டனர். தமிழில் அதற்கு மாலைமாற்று என்ற சொல் பல நூற்றாண்டுகளாக உள்ளது. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கோமூத்திரி, நாகபந்தம், சுழிகுளம் முதலியவற்றோடு இதனையும் வைத்தெண்ணுகிறது. ஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் 3ஆம் திருமுறையில் 117ஆவது பதிகமாக உள்ளது. ஆகவே டி.என்.ஏ.வில் உள்ளதையும் மாலைமாற்று என்பது இயல்பான மொழிபெயர்ப்பாகத் தோன்றும். அது சரியா என்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்தல் வேண்டும்.

முதலில் அலகு. விகடகவி என்னும் சொல் மாலைமாற்று என்பதை யாவரும் அறிவர். வி-க-ட-க-வி என உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொண்டால்தான் அது மாலைமாற்று. வ்+இ+க்+அ என ஒலிகளைப் பிரித்துப் பின்னிருந்து வாசித்தால் அப்பண்பு கெட்டுவிடும். ஆக, மாலைமாற்று எனும்போது எதனை அலகாகக் கொள்கிறோம் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். தமிழில் அலகு எழுத்து. ஓலை ஒன்று, வரி ஒன்று, அதையே திருப்பி வாசிக்கிறோம்.

டி.என்.ஏ.வில் நிலை வேறு. உயிரியலார் எடுத்துக்காட்டாகத் தரும் வரிசை கு-அ-அ-தை-தை-சை. இதனைப் பின்னிருந்து வாசித்தால் சை-தை-தை-அ-அ-கு என வரும். முதல் வரிசையோடு ஒவ்வாது. அப்படியாயின் இது எவ்வாறு மாலைமாற்று ஆகும்? எதிரிழையைப் பார்க்க வேண்டும். கு-வுக்கு எதிரே சை, அ-வுக்கு எதிரே தை என இணை அமைத்தால் எதிரிழை சை-தை-தை-அ-அ-கு ஆகிறது. எதிரிழை ஓடும் திசை நேர்மாறானது. எனவே அதற்குரிய திசையில், அதாவது வலமிருந்து இடமாக வாசித்தால் கு-அ-அ-தை-தை-சை. இரண்டு இழைகளும் தத்தம் திசையில் ஒரே வரிசையைத் தருகின்றன. இங்கு நிகழ்வது ஒரு வரியைத் திருப்பி வாசித்தலன்று; ஒவ்வோர் எழுத்தையும் அதன் இணையெழுத்தாக மாற்றிய பின் திருப்பி வாசித்தல். சித்திரகவி மரபில் இதற்கு நேர்நிகர் இல்லை. மேற்கூறிய ஜி-பெட்டி வரிசையும் இவ்வகையினதே. சை-அ-சை-கு-தை-கு என்பதற்கு எதிரிணை எழுதித் திருப்பிப் பார்ப்பவர் அதனையே மீளப் பெறுவர். இரட்டையாகச் சேர்ந்து இயங்கும் புரதங்களின் இரு பாதிகளும் இருபுறமிருந்து ஒரேவிதமாகப் பற்ற இவ்வமைப்பு இடந்தருகிறது.

உண்மையான மாலைமாற்று டி.என்.ஏ.வில் இல்லையா எனின், உண்டு. அ-அ-கு-அ-அ-கு-அ-அ என்பது ஒற்றை இழையிலேயே முன்பின்னாக ஒத்திருக்கிறது. தண்டியலங்கார இலக்கணத்திற்கு முற்றும் பொருந்துவது இதுவே. உயிரியல் இதற்கு ஆடிப் பிம்ப மீள்வரிசை என்று வேறு பெயர் தந்துள்ளது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி என்று கருதுதல் கூடாது. எதிரிணையாகத் திரும்பும் நீண்ட வரிசைகள் முறுக்குத் தளர்ந்த நிலையில் தம்மோடு தாமே இணைந்து இருபுறமும் கொம்புபோல் புடைத்துச் சிலுவை வடிவம் கொள்கின்றன. ஆடிப் பிம்பமாகத் திரும்பும் வரிசைகள், ஓர் இழை முழுவதும் பியூரின்களாகவும் மற்றது முழுவதும் பிரிமிடின்களாகவும் அமையும்போது, முப்புரி வடிவம் கொள்கின்றன. பாதி வரிசை அவிழ்ந்து, அதன் ஓரிழை மறுபாதி இருபுரியின் பள்ளத்தில் மூன்றாவதாகப் படிகிறது. எஞ்சிய இழை தனித்து நிற்கிறது. இதற்கு ஆடிப் பிம்ப வரிசையே இன்றியமையாதது என்பதை மிர்கின் முதலியோர் 1987இல் நிறுவினர். ஆகவே ஒருவர் முதல்வகையை மாலைமாற்று என மொழிபெயர்த்தால், தமிழ் மரபறிந்த வாசகர் இரண்டாம் வகையைப் புரிந்துகொள்வர். சிலுவை தோன்றும் என்று ஆசிரியர் எழுதிய இடத்தில் முப்புரிக்குரிய வரிசையைக் கற்பனை செய்வர்.

இக்கட்டுரை பரிந்துரைப்பது: ஆடிப் பிம்ப மீள்வரிசைக்கு மாலைமாற்று என்னும் பெயரைத் தருதல்; மற்றதற்கு எதிரிணைமாற்று என்று புதுச்சொல் படைத்தல். எதிர், இணை, மாற்று ஆகிய மூன்று கூறுகளும் நிகழ்வின் மூன்று படிகளையும் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தார் மாலைமாற்றுக்குரிய தம் சொல்லை இடம் மாற்றி வைத்துவிட்டனர் என்பதற்காக நாமும் அவ்வாறே செய்ய வேண்டியதில்லை. ஆங்கில நூலோடு ஒப்பிட்டுப் படிக்கும் மாணவருக்கு முதலில் குழப்பம் நேரும் என்பது உண்மையே. அக்குழப்பம் ஓர் அடிக்குறிப்பால் தீரும்.

இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சுழிகுளத்தின் நான்கு வரிகளைக் கண்டவுடன் நாற்புரியையும், நாகபந்தத்தைக் கண்டவுடன் பின்னிய இருபுரியையும் நினைத்து, நம் முன்னோர் டி.என்.ஏ.வை அறிந்திருந்தனர் என்று எழுதும் போக்கு உண்டு. அணியிலக்கணப் புலவர் அறிந்திருந்தது வரிசையொழுங்குகளின் இயல்பை. அதுவே பெரிது, அதனால்தான் அவர்தம் சொற்கள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. அவர்மேல் வேறொன்றை ஏற்றுதல் அவர்க்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் பயனன்று.

தாவரங்களில் கண்டவை

மனிதரின் குரோமோசோம் நுனிகளில் தை-தை-அ-கு-கு-கு என்னும் ஆறெழுத்து மீளமீள வருகிறது. 1988இல் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிசில் கண்டறியப்பட்ட நுனிவரிசை ஏழெழுத்து: தை-தை-தை-அ-கு-கு-கு. இரண்டிலும் குவானைன் மும்மை உள்ளது. இரண்டும் நாற்புரியாக மடிய வல்லன. நுனிகள் நெறிப்பகுதிகள் அல்லவாயினும் நாற்புரி ஆய்வு முதலில் காலூன்றிய இடம் அதுவே.

மரபணு நெறிப்பகுதிகளுக்கு வருவோம். மக்காச்சோளத்தின் மரபணுத்தொகுதி 2009இல் வெளிவந்தபின் அதில் நாற்புரியாகக்கூடிய வரிசைகள் கணினியால் தேடப்பட்டன. 2014இல் வெளியான ஆய்வு, அவை கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை என்றும், படியெடுப்புத் தொடங்கும் இடத்தை அடுத்தும் முதல் எக்சான் முடிந்து இன்ட்ரான் தொடங்கும் எல்லையிலும் செறிந்துள்ளன என்றும் காட்டியது. எந்த மரபணுக்களில் என்று நோக்கியபோது ஆக்சிஜன் குறைவு, சர்க்கரைக் குறைவு முதலிய ஆற்றல் நெருக்கடிகளில் இயங்கும் மரபணுக்கள் முன்னின்றன. வெள்ளத்தில் வேர் மூழ்கிய பயிரின் நிலை இதுவே. அடுத்த ஆண்டு, மக்காச்சோளத்தின் நியூக்ளியோசைடு டைபாஸ்பேட் கைனேஸ் என்னும் புரதம் நாற்புரியைப் பற்றி நிலைநிறுத்துவது சோதனைக்குழாயில் நிறுவப்பட்டது.

ஆகக்கூடிய என்னும் சொல்லை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கணினி கண்டது வரிசையை, வடிவத்தையன்று. குவானைன் மும்மை நான்கு வந்தால் மடியக்கூடும் என்பது விதி. உயிருள்ள இலையில் மடிந்ததா என்பது வேறு வினா. தமிழில் இவ்விரண்டையும் நாற்புரி உள்ளது என்று ஒரே வாய்பாட்டால் எழுதிவிடுகிறோம். நாற்புரியாகத்தக்க வரிசை, நாற்புரி என இரண்டையும் பிரித்தே எழுதுதல் வேண்டும். மனித உயிரணுவில் நாற்புரியை மட்டும் பற்றும் எதிர்ப்புரதத்தைக் கொண்டு 2013இல் அதனைக் காட்சிப்படுத்தினர். அதே எதிர்ப்புரதத்தைப் பயன்படுத்தி நெல்லின் மரபணுத்தொகுதியில் எங்கெங்கு நாற்புரி அமைகிறது என்று 2022இல் வரைபடமிட்டனர். நெல்லில் இப்போது தக்க வரிசை என்ற நிலையைக் கடந்து பேச ஓரளவு இடம் கிடைத்துள்ளது.

நாற்புரியல்லாத ஒரு சான்று இன்னும் தெளிவானது. குளிர்காலத்தைக் கடந்தபின்னரே பூக்கும் இயல்பு அராபிடாப்சிசின் சில வகைகளுக்கு உண்டு. பூத்தலைத் தடுத்து நிறுத்தும் மரபணு எஃப்.எல்.சி. எனப்படும். அதன் இறுதிப் புறத்திலிருந்து எதிர்த்திசையில் ஓர் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, குளிரில் மிகுவதால் அதற்குக் கூல்ஏர் என்று பெயர். அந்த ஆர்.என்.ஏ.வின் தொடக்கியில் டி.என்.ஏ.வின் ஓரிழையோடு ஆர்.என்.ஏ. இணைந்துகொண்டு மற்ற இழையைத் துரத்திவிடுகிறது. துரத்தப்பட்ட இழை கண்ணிபோல் புடைத்து நிற்கிறது. இதனை ஆர்-கண்ணி எனலாம். தனித்து நிற்கும் அவ்விழையை ஒரு புரதம் பற்றிக் கண்ணி கலையாமல் காக்கிறது. கண்ணி நிலைத்தால் எதிர்த்திசைப் படியெடுப்பு அடங்குகிறது. 2013இல் வெளியான இவ்வாய்வு, மாற்று வடிவம் ஒன்று குறிப்பிட்ட தாவர மரபணுவின் குறிப்பிட்ட நெறிப்பகுதியில் இருந்து செயற்படுவதைச் செடியிலேயே காட்டியதால் சிறப்புப் பெறுகிறது. 2017இல் அராபிடாப்சிசு முழுமைக்கும் ஆர்-கண்ணிகள் தேடப்பட்டு, அவை அருகிய விலக்குகள் அல்ல, பரவலாகக் காணப்படுபவை என்று தெரியவந்தது.

மாலைமாற்றுக்குரிய சான்று 2009இல் வெளிவந்தது. அயர்லாந்தின் பர்ரன் பகுதியைச் சேர்ந்த அராபிடாப்சிசு வகை ஒன்று 27 பாகை செல்சியசில் வளர்க்கப்பட்டபோது இலைகள் ஒழுங்கின்றிச் சுருங்கின. காரணம் ஒரு மரபணுவின் இன்ட்ரானில் கு-அ-அ என்னும் மும்மை 400-க்கும் மேற்பட்ட முறை பெருகியிருந்தது. இம்மும்மையின் தொடர் முழுப் பியூரின் மாலைமாற்று, சோதனைக்குழாயில் முப்புரியாவது. மனிதரில் பிரீட்ரைக் நடைத்தளர்ச்சி நோய்க்குக் காரணமான பெருக்கமும் இதே மும்மையே. எனினும் செடியில் அம்மரபணு அடங்குவதற்குச் சிறு ஆர்.என்.ஏ.க்கள் வழிச் செல்லும் விளக்கமே 2018இல் முன்வைக்கப்பட்டது. முப்புரி இலையில் உண்மையாகவே தோன்றுகிறதா என்பதை அவ்விளக்கத்தோடு சேர்த்துக் குழப்பிவிடலாகாது.

பெயரிடுதல் குறித்து ஒரு செய்தி. நாற்புரி டி.என்.ஏ.வில் மட்டுமன்றி ஆர்.என்.ஏ.விலும் அமையும், தாவர உயிரணுக்களில் அது உண்மையாகவே அமைவதை 2020இல் அராபிடாப்சிசிலும் நெல்லிலும் காட்டினர். அதற்கு முன்பே 2018இல் கொரிய ஆய்வுக்குழு ஒன்று, உணவைக் கடத்தும் புளோயம் திசு வளர்வதைத் தூண்டும் இரு மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வில் நாற்புரி இருப்பதையும், அதனை ஒரு புரதம் பற்றிக்கொண்டு பெயர்த்தலை அடக்குவதையும் கண்டறிந்தது. அப்புரதம் குறைந்த செடிகளில் புளோயம் மிகுந்தது. விதை விளைச்சலும் மிகுந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஜுல்கி. கொரிய மொழியில் ஜுல்கி என்றால் தண்டு. உலக இதழ்களில் இன்று அப்பெயர் அப்படியே வழங்குகிறது. அவர்கள் எதையும் மொழிபெயர்க்கவில்லை. கண்டறிந்தவர் என்ற முறையில் தம் சொல்லை இட்டனர். நாம் பிறர் இட்ட பெயர்களுக்கு நிகர் தேடும் நிலையில் இருக்கிறோம் என்பது இதனால் புலப்படுகிறது.

இடைச்செருகல் அன்று

குவானைன் மிகுந்த இழைக்கு எதிரே நிற்பது சைட்டோசைன் மிகுந்த இழை. அதுவும் நான்காக மடியும் என்பதை 1993இல் கெரிங், லெராய், குவெரோன் ஆகியோர் கண்டனர். அதன் அடுக்குமுறை வேறு. இரண்டு சைட்டோசைன்கள் தமக்கிடையே ஒரு புரோட்டானைப் பங்கிட்டு இணைகின்றன; இவ்வாறு அமைந்த ஓர் ஏணியின் படிகளுக்கு இடையே மற்றோர் ஏணியின் படிகள் நுழைகின்றன. புரோட்டான் வேண்டியிருப்பதால் அமிலச் சூழலில் இது எளிதில் அமைகிறது. உயிரணுவில் அமையுமா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. 2018இல் மனித உயிரணுவில் காட்டப்பட்டது. நெல்லில் இதற்குரிய வரிசைகள் 2022இல் ஆராயப்பட்டன.

இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து இடையே நுழைதலைக் குறிப்பது. அகராதி நோக்கி மொழிபெயர்ப்பவர் இடைச்செருகல் வடிவம் என்று எழுதக்கூடும். தமிழாய்வுலகில் இடைச்செருகல் என்பது நூலாசிரியர் இயற்றாததைப் பிற்காலத்தார் புகுத்தியது. பதிப்பாசிரியர் அதனை இனங்கண்டு நீக்குவர். அச்சொல்லால் இவ்வடிவத்தைச் சுட்டினால், வரிசையில் அயலான் ஒன்று புகுந்துள்ளது என்றே நம் மாணவர் கொள்வர். இங்கோ எதுவும் புகவில்லை. இருந்த எழுத்துகளே ஒன்றினிடை ஒன்றாய்க் கோத்துக்கொண்டன. பூத்தொடுப்போர் இரு சரங்களை ஊடாகக் கோப்பதை ஒத்தது இது. ஊடுகோவை நாற்புரி என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. குவானைன் நாற்புரியும் ஊடுகோவை நாற்புரியும் ஒரே நெறிப்பகுதியின் எதிரெதிர் இழைகளில் அமையத்தக்கவை என்பதால் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் அமைவது நலம். கோவை என்பது சிற்றிலக்கிய வகைக்கும் ஓர் ஊருக்கும் பெயராதலால் சிலர் தயங்கக்கூடும். ஊடு என்னும் முன்னொட்டு அத்தயக்கத்தைப் போக்குகிறதா என்பதைத் தாவரவியல் வகுப்பறையில் ஆண்டு பார்த்தே முடிவுசெய்ய இயலும்.